கட்டைவிரல் கேட்காத ஆசான்கள்

வென்று திரும்பினால் விமான நிலையத்திலே மேளம்! கழுத்திலே மாலை, கையிலே காசோலை, பக்கத்திலே நின்று படம் எடுத்துக்கொள்ளப் பத்துப் பெருமக்கள்! புறப்பட்டுப் போகும்போது? உடன் செல்லும் பயிற்சியாளருக்குப் பயணச் சீட்டு உண்டா, உதவியாளருக்கு இடம் உண்டா என்று கேட்டவர் எத்தனை பேர்? வரவேற்பைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. நாம் வழியனுப்புவதைப் பற்றிப் பேசுவோம்.

2016-ல் ரியோ பாராலிம்பிக்கிலே 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி அவர் ஊர். ஐந்து வயதிலே பேருந்தில் சிக்கி வலது கால் நசுங்கியவர். காய்கறி விற்ற தாயின் மகன். வெற்றிச் செய்தி வந்ததும் 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது தமிழக அரசு. தகும், முற்றிலும் தகும்! ஆனால் அந்த உயரம் ஒரே நாளிலா எட்டப்பட்டது? 2013-ல் பெங்களூருப் போட்டியிலே அந்த இளைஞரைக் கண்டு, 2015 முதல் தம்மிடம் வைத்துப் பயிற்சி தந்தார் சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளர். 2016-ல் துனிசியாவிலே 1.78 மீட்டர் தாண்டிய பிறகுதான் ரியோவின் கதவு திறந்தது. கோடி வந்தது கடைசி நாளில். உழைப்பு நடந்ததோ, எவரும் எட்டிப் பார்க்காத எத்தனையோ நாட்களில்!

பயிற்சியாளர் என்றால் கழுத்திலே ஊதல், கையிலே கடிகாரம், அவ்வளவுதான் என்று எண்ணுகிறார்கள். இங்கே வேலை அதோடு முடிவதில்லை, தோழர்களே! தண்டுவடம் பழுதானவர் நெடுந்தொலைவு விமானத்திலே அசையாமல் உட்கார்ந்திருந்தால், உணர்ச்சியற்ற உடலிலே புண் விழும். வலி தெரியாது, புண் மட்டும் வளரும். வேளை பார்த்து உடலை நகர்த்திவிட ஆள் வேண்டும். சரக்கு அறையிலே ஏற்றிய பந்தய நாற்காலியின் சக்கரம் வளைந்து வந்தால், ஆண்டுக்கணக்கான பயிற்சி பாழ்! பார்வையற்றவர் ஓடும்போது, சிறு கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வழிகாட்டி ஒருவர் கூடவே ஓட வேண்டும். அடிக்கு அடி, கைவீச்சுக்குக் கைவீச்சு! எல்லைக்கோட்டை வழிகாட்டி முந்தித் தொட்டால் ஓட்டமே செல்லாது. 2024-ல் பாரிசிலே 200 மீட்டர் ஓட்டத்தில் சிம்ரன் சர்மா வெண்கலம் வென்றபோது, உடன் ஓடினார் அபய் சிங். கூட ஓடு, ஆனால் முந்தாதே! ஆசான் தொழிலின் இலக்கணமே அதுதான்.

பயணம் என்ன செய்யும் என்பதற்கு 2021 டோக்கியோ சாட்சி. இந்திய அணிக்குக் கொடி ஏந்த வேண்டிய மாரியப்பன், விமானத்திலே கொரோனா கண்ட ஒருவர் அருகே இருந்தார் என்பதற்காகத் தனிமைப்படுத்தப்பட்டார். கொடி வேறு கைக்குப் போயிற்று. போட்டியன்று மழை, காலுறை நனைந்துவிட்டது. அப்படியிருந்தும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார்! அத்தகைய வேளையிலே வீரனுக்கு வேண்டியது தொலைவிலிருந்து வரும் வாழ்த்துத் தந்தியா? தன் உடலையும் உள்ளத்தையும் அறிந்த ஆசான் அருகிலே இருப்பதா?

“இவர்களுக்கு ஏன் இந்த ஓட்டமும் தாண்டலும்? உதவித்தொகை போதாதோ?” என்று உச்சுக்கொட்டும் உத்தமர்கள் உண்டு. அவர்களுக்கு விடை 1948-லேயே சொல்லப்பட்டுவிட்டது. நாஜி ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சேர்ந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே ஜூலை 29-ல், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலே 16 பேரைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். 1960-ல் ரோம் நகரிலே 23 நாடுகள், 400 பேர்! படுக்கையே கதி என்று கைவிடப்பட்டோர் பந்தயத் திடலுக்கு வந்தனர். ஆலைச் சக்கரத்திலே கையை இழந்தவனும், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவனும் நம் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? அவர்கள் கேட்பது இரக்கம் அல்ல, இடம்!

1985 முதல் சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய அரசு தரும் விருதின் பெயர் தெரியுமா? துரோணாச்சாரியார் விருது! மாற்றுத்திறனாளிகளைப் பயிற்றுவித்த கௌரவ் கன்னா 2020-க்கும், சுபாஷ் ராணா 2024-க்கும் அதைப் பெற்றனர். பெற்றவர்களை வாழ்த்துகிறோம், பெயர்தான் உறுத்துகிறது. யார் இந்தத் துரோணர்? வேடர் குலத்து ஏகலைவனுக்கு ஒரு நாளும் வில் பிடிக்கக் கற்றுத்தராமல், அவனுடைய வலக்கைக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கியவர் என்கிறது புராணம். நல்ல கையைக் குறைக் கையாக்கியவர் பெயராலா, குறையென்று உலகம் ஒதுக்கியதை நிறைவாக்கும் ஆசானுக்கு விருது?

இதோ, ஜம்மு மலைப்பகுதியிலே கைகளே இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவி! காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, 2024 பாரிசிலே கலப்பு இரட்டையர் பிரிவில் வெண்கலம் வென்றார். பயிற்சி தந்த ஆசான்களில் ஒருவர் குல்தீப் வேத்வான். கட்டைவிரல் கேட்ட ஆசான் கதையிலே இருக்கட்டும். கைகளே இல்லாதவரிடம் வில்லைக் கொடுத்த ஆசான் நம் காலத்திலே இருக்கிறார்!

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக். அதற்காக நாம் கேட்பவை மூன்றே மூன்று. மாவட்டந்தோறும் நிரந்தர ஊதியத்தோடு பயிற்சியாளர். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தோடு திடல். வீரர் பெயர் எழுதும் நாளிலேயே ஆசானுக்கும் உதவியாளருக்கும் பயணச் சீட்டு.

மாலையைப் பிறகு போடலாம். முதலில் சீட்டைக் கொடுங்கள்!