கிட்டார் எங்க மச்சான்?

ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ அல்பம் 2000 ஒக்டோபரில் வந்தது. 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ கேட்டு மயங்கியவர்கள் அதேமாதிரி இன்னொரு ரொக் அல்பத்துக்குக் காத்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே கிட்டார் இல்லை, கீபோர்ட்தான்! ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம்.

எங்களுக்குள்ளும் ரெண்டு கட்சி. “இது பாட்டா, ஃபிரிட்ஜ் இரைச்சலா?” எண்டு கேட்டவனுக்கு, “உனக்கு விளங்காது” எண்டு பதில் போனது. அங்கதான் எங்களுக்குக் கோபம். ‘இடியோடெக்’ கேட்டா எங்களில் பாதிப்பேருக்கு இன்னும் மயிர் கூச்செறியும், பொய்யில்லை. அதுக்காகப் பிடிக்காதவன் செவிடனா? எழுத்தாளர் நிக் ஹோர்ன்பிக்கே இது பிடிக்கவில்லை. அப்பவே எழுதியும் வைத்தார்.

போன கிழமை காத்தான்குடிக் கடற்கரையில திரும்பப் போட்டோம். மூணு பாட்டு வரைக்கும் அவன் வாய் திறக்கல்ல. நாலாவதில கிட்டார் வந்ததும், “இத மட்டும் இன்னொருக்காப் போடு” எண்டான்.