சுத்தியலை ஓங்குமுன்



சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரியா நாட்டின் திரோல் மலைப்பகுதியில், ஒரு குளிர்காலம் முழுதும் பங்குப்பணிக்கு உதவியாக இருந்தோம். நாம் தங்கிய இல்லத்தில் விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்பு ஒன்று உண்டு. அதன் கதவு சரியாகப் பொருந்தவில்லை. இடுக்கில் காற்றுப் புகுந்து விறகு அளவு மீறி எரிந்தது. புகைபோக்கி சரியாக இழுக்காத நாள்களில் புகை அறைக்குள் பரவிற்று. இது சிறு குறையன்று. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது.

தாழ்ப்பாளைச் சற்று உள்தள்ளிப் பொருத்தினால் போதும். ஆனால் அதைப் பிடித்திருந்த நட்டு துருவேறி இறுகியிருந்தது. ஸ்பானருக்கு அது அசையவில்லை. பொறுமையிழந்து சுத்தியலை ஓங்கினோம். முதியவரான கோயிற்பிள்ளை நம் கையைப் பற்றினார். "தந்தையே, இது வார்ப்பிரும்பு. வளையாது, உடையும்" என்றார்.

அடுப்பு முற்றும் ஆறும்வரை அவர் காத்திருந்தார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைச் சில துளி விட்டு, ஓர் இரவு அப்படியே விட்டார். காலையில் நட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழையளவு திருப்பினார். பிறகே கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னுமாக அசைக்க, நட்டு பழுதின்றிக் கழன்றது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெப்பத்தில் எரிந்துபோகாத கிராஃபைட் தூளைப் புரியில் தடவி மீண்டும் முடுக்கினார். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை.

அண்மையில் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். அவரது இசைவோடு இதனை எழுதுகிறோம். "சாமி, மகன் மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லை. அவனைக் கூப்பிட்டு உறைக்கும்படி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். சொல்லவே எண்ணினோம். அப்போது ஓங்கிய அந்தச் சுத்தியல் நினைவுக்கு வந்தது. பேச்சு நின்ற நாளில் நடந்தது என்னவென்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், உறவினர் முன்னிலையில் மகனைக் கைநீட்டி அடித்ததைச் சொன்னார்.

"மயிரிழையளவேனும் முதலில் நீங்கள் அவன் பக்கம் திரும்புங்கள்" என்றோம். அன்றிரவே மகனிடம் மன்னிப்புக் கேட்டாராம். மகன் மறுமொழி கூறவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.

ஓர் இரவில் எண்ணெய் ஊறாத நட்டுகளும் உண்டு. நாசரேத்தூர்ப் பட்டறையில் பொறுமையாய் உழைத்த புனித சூசையப்பரிடம் அவ்விருவருக்காகவும் செபியுங்கள். உங்கள் இல்லத்தில் எவரேனும் சுத்தியலை ஓங்கியிருந்தால், இன்றே அதைக் கீழே வையுங்கள்.