28 மி.மீ. என்றால் எவ்வளவு?

வாட்டர்லூ போரை மேசை மேல் நடத்திப் பார்க்கும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. 1815 ஜூன் 18-ல் நெப்போலியன் தோற்றாரே, அதே போர்தான். விரல்கடை உயரத்துக்கு வீரர்களை வாங்கி, பெயின்ட் அடித்து, அணி அணியாக நிறுத்தி, பகடை உருட்டி விளையாடுவார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சிரிக்க வேண்டாம். எந்த ரெஜிமென்ட்டுக்குச் சட்டைக் காலர் என்ன நிறம் என்று வாரக்கணக்கில் வாதம் செய்யும் ஆட்கள் இவர்கள்.

இவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒரு கம்பெனியின் வீரனை இன்னொரு கம்பெனியின் வீரன் பக்கத்தில் நிறுத்தலாமா? இரண்டு கம்பெனியும் 28 மி.மீ. என்றுதான் சொல்லி விற்கின்றன. பிரித்து வைத்துப் பார்த்தால் ஒருவன் ஒல்லிப்பிச்சான், இன்னொருவன் பயில்வான். இரண்டு பேரும் ஒரே படையாம்! காசு கொடுத்து வாங்கியவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

முதல் குழப்பம் அந்த 28-லேயே இருக்கிறது. பாதத்திலிருந்து எது வரை 28? சிலர் உச்சந்தலை வரை அளக்கிறார்கள், சிலர் கண் வரை. கண் வரை 28 என்றால் முழு உயரம் 30-ஐத் தொட்டுவிடும். 170 செ.மீ. ஆளை வைத்துக் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 1:61, இரண்டாவது சுமார் 1:57. எண் ஒன்று, அளவு இரண்டு.

ஏர்ஃபிக்ஸ், இட்டாலெரி, ஸ்வெஸ்தா போன்ற கம்பெனிகள் 1:72 என்று விகிதத்தையே அச்சிடுகின்றன. 170 செ.மீ. ஆள் அதில் 23.6 மி.மீ. வரவேண்டும். அங்கேயும் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனால் தப்பு யாருடையது என்று ஸ்கேலை வைத்துச் சொல்லிவிடலாம். 28 மி.மீ. ஆட்களிடம் அந்த நியாயம் கேட்க வழியில்லை.

சரி, உயரம்தான் பிரச்சினையா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு பொம்மையை முதுகோடு முதுகாக நிறுத்தி, 2 மி.மீ. வித்தியாசம் என்று புலம்புகிறார்கள். ஆனால் நிஜப் படையைப் பாருங்கள். நெப்போலியன் படையில் வோல்டிஷர் எனப்பட்ட வீரர்கள் விதிப்படி சுமார் 160 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. அவருடைய காவல்படை கிரனேடியர் ஆக வேண்டும் என்றால் சுமார் 178 செ.மீ.யாவது இருக்க வேண்டும். வித்தியாசம் 18 செ.மீ. 1:60 கணக்கில் அது சரியாக 3 மி.மீ.! ஆக, 2 மி.மீ. குட்டையாக ஒருவன் வந்தால் அது குறை அல்ல, சரித்திரம்.

உண்மையான வில்லன் பருமன். மனிதத் தலை மோவாயிலிருந்து உச்சி வரை சுமார் 23 செ.மீ. 1:60-ல் 4 மி.மீ.க்கும் குறைவு. பொம்மையின் தலை 5 மி.மீ. இருந்தால் அவன் தலை நிஜத்தில் 30 செ.மீ. அப்படி ஒரு மனிதன் எந்தப் படையிலும் இருந்ததில்லை. துப்பாக்கி இன்னும் மோசம். பிரிட்டிஷ் வீரனின் பிரவுன் பெஸ் மஸ்கட்டின் குழல் வாயருகே வெளியளவு இரண்டரை செ.மீ. கூட இருக்காது. 1:60-ல் அது அரை மி.மீ.க்கும் கீழே. பொம்மையில் 1 மி.மீ. தடிமன் வைத்தால், அவன் தூக்கி நிற்பது 6 செ.மீ. தண்ணீர்க் குழாய்!

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. உலோக வீரர்களைச் சுழலும் ரப்பர் அச்சில் உருக்கி ஊற்றுகிறார்கள். ரொம்ப மெல்லிய இடத்துக்கு உலோகம் போய்ச் சேராது, சேர்ந்தாலும் எளிதில் முறியும். இரும்பு அச்சில் அழுத்தி வார்க்கும் கெட்டி பிளாஸ்டிக்கில் துப்பாக்கியை மெலிதாக்கலாம். அதோடு, தடித்த உருவம் மேசைக்கு எதிரே நிற்பவன் கண்ணுக்கும் தெரியும், பெயின்ட் அடிக்கவும் சுலபம் என்று பலர் வாதாடுகிறார்கள். நியாயமான வாதம்தான். முழுப் படையும் தடியாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. உறுத்துவது கலக்கும்போது.

அதனால் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதைவிட, செதுக்கிய கையைப் பார்ப்பது நல்லது. ஆலன், மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர் 2001-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அதற்கு முன் ஃபவுண்ட்ரி கம்பெனிக்கு நெப்போலியன் கால வீரர்களைச் செதுக்கியவர்களும் அவர்களே. அளவில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இரண்டும் பங்காளிகள் போல ஒத்துப்போகும். ஃப்ரன்ட் ராங்க் வீரர்களோ உருண்டு திரண்டவர்கள். பெர்ரியின் மெலிந்த ஆட்களோடு ஒரே வரிசையில் நின்றால் சாப்பாட்டில் பாரபட்சம் நடந்த மாதிரி இருக்கும். ஒரு பட்டாளம் முழுக்க ஒரு கம்பெனி, அடுத்த பட்டாளம் இன்னொரு கம்பெனி என்று பிரித்து வைத்தால் கண் மன்னித்துவிடும். ஒரே பட்டாளத்தில் கலந்தே தீரவேண்டும் என்றால், தலையையும் துப்பாக்கியையும் ஒரே கம்பெனியுடையதாக மாற்றி ஒட்டுவது உத்தமம். தலையும் கையும் தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் இது பெரிய வேலை இல்லை.

காலர் நிறம் தப்பு என்று கொதிப்பவர்கள் 30 செ.மீ. தலையைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. உடை சரியாக இருந்து உடல் பொய்யாக இருந்தால் அது என்ன சரித்திரம்? கம்பெனிகள் 28 என்ற மந்திர எண்ணை விட்டுவிட்டு, விகிதத்தையும் தலை உயரத்தையும் பெட்டி மேல் அச்சிட்டால் பாதிச் சண்டை ஓயும். அதுவரை வாங்குபவர்கள் நூறு பேருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒருவனை வாங்கிப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். பார்க்கும்போது உயரத்தை விட்டுவிட்டு, தலையைப் பார்க்கட்டும்.