வெர்ஷன் பொருந்தவில்லையா? நின்று விடட்டும்!

"இதற்கு பைத்தான் 3 தேவை" என்று ஒரு செய்தி வந்து இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தச் செய்தி உங்களுக்கு நன்மையே செய்கிறது என்பேன்.

2021-ல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்குச் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கழிவுநீர்த் தொட்டியில் போட வேண்டிய சுண்ணாம்பை இரண்டு ஷிஃப்டுக்கும் சமமாகப் பிரித்துச் சீட்டு அச்சிடுவது அதன் வேலை. என் லேப்டாப்பில் இருந்தது பைத்தான் 3. 15 கிலோ என்று கொடுத்தால் ஷிஃப்டுக்கு 7.5 என்று சரியாகக் காட்டியது. ஆலையின் பழைய கம்ப்யூட்டரில் இருந்ததோ பைத்தான் 2.7. அங்கே பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஓடி, 7 என்று அச்சிட்டது! "தம்பி, பதினஞ்சுல பாதி ஏழா?" என்று சூப்பர்வைசர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தவறு என்னுடையது.

பைத்தான் 2-ல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 இதை மாற்றியது. பழைய பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. ஆனால் பழைய கம்ப்யூட்டர்களில் அது அப்படியே இருக்கிறது.

இதைத் தடுப்பது எளிது. எழுதிய புரோகிராமை இன்ஸ்டால் செய்யத்தக்க சாஃப்ட்வேராகத் தயாரிப்பதை 'பில்ட்' என்கிறோம். அப்போதே 'ரிக்வயர்ஸ் பைத்தான்' என்ற ஒரு வரியில் தேவையான வெர்ஷனைக் குறித்துவிட்டால், பொருந்தாத கம்ப்யூட்டரில் 'பிப்' அதை இன்ஸ்டால் செய்ய மறுத்துவிடும். ஜாவாவில் மேவனின் 'என்ஃபோர்ஸர்' பிளக்-இன் பில்டையே நிறுத்திவிடும். தனி ஃபைலாகக் கொடுத்த என் புரோகிராமில், வெர்ஷனைச் சோதித்து நிறுத்தும் சில வரிகளைத் தொடக்கத்திலேயே சேர்த்தேன்.

அதற்காகப் புத்தம்புது வெர்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் சரியல்ல. விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் பைத்தான் 3.9-ம் அதற்குப் பின் வந்தவையும் இயங்காது. உண்மையில் தேவைப்படும் குறைந்தபட்ச வெர்ஷனைக் கேட்டால் போதும்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் மூடிவிடாதீர்கள். கேட்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் பைத்தானின் 'ஐடில்' திறந்தால், உங்களிடம் உள்ள வெர்ஷன் முதல் வரியிலேயே தெரியும். பழையதை நீக்காமலே புதியதையும் இன்ஸ்டால் செய்யலாம். தவறான விடையைத் தரும் புரோகிராமைவிட, ஓட மறுக்கும் புரோகிராமே மேல்.