குர்ஆன் தமிழாக்கங்களில் அடைப்புக்குறி: எங்கள் நிலைப்பாடு

குர்ஆனின் தர்ஜுமா (மொழிபெயர்ப்பு) எதுவும் குர்ஆன் ஆகாது. ஒரு மனிதர் தம் அறிவுக்கும் காலத்துக்கும் எட்டியவரை அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தர்ஜுமா. இதில் உலமாக்களிடையே பெரிய சர்ச்சை கிடையாது. மர்மடியூக் பிக்தால் 1930இல் வெளியிட்ட தம் ஆங்கில ஆக்கத்தின் தலைப்பிலேயே ‘பொருள்’ என்ற சொல்லைச் சேர்த்ததும் இதனால்தான். ஆனால் அட்டையில் ஒப்புக்கொண்ட உண்மை உள்ளே போனதும் மறைந்துவிடுகிறது. மூலம் சொன்னது எது, மொழிபெயர்த்தவர் சேர்த்தது எது என்று அரபு தெரியாத வாசகருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். குர்ஆனைத் தமிழ்வழியே படிப்பவர்களாகிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுவே.

அடைப்புக்குறியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குர்ஆனின் அரபு மிகச் சுருக்கமானது. ‘குல்’ என்ற ஒரே சொல் வரும் இடத்தில் நம் தமிழாக்கங்கள் பலவும் அடைப்புக்குறிக்குள் ‘நபியே’ என்று சேர்த்து, ‘கூறுவீராக’ என்று எழுதுகின்றன. யாரிடம் பேசப்படுகிறது என்று காட்டும் இந்தச் சேர்க்கையால் யாரும் ஏமாறுவதில்லை. பொருளையே ஒரு பக்கம் சாய்த்துவிடும் சேர்க்கைகள்தாம் எங்கள் கவலை.

எல்லாருக்கும் மனப்பாடமான அல்ஃபாத்திஹாவையே எடுத்துக்கொள்வோம். ஐவேளைத் தொழுகையின் 17 ரக்அத்திலும் ஓதப்படும் அந்த சூராவின் கடைசி வசனம், கோபத்துக்கு ஆளானவர்கள் என்றும் வழிதவறியவர்கள் என்றும் பொதுவாகத்தான் சொல்கிறது. எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. தக்கியுத்தீன் ஹிலாலி, முஹம்மது முஹ்ஸின் கான் இருவரின் ஆங்கில ஆக்கம், அடைப்புக்குறி போட்டு முதலாமவர்களுக்கு யூதர்களையும் அடுத்தவர்களுக்குக் கிறிஸ்தவர்களையும் உதாரணமாகச் சேர்க்கிறது. மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகம் உலகெங்கும் இலவசமாக வழங்கிய நூல் அது. இந்த விளக்கத்துக்கு அடிப்படையே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. திர்மிதியின் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது, விரிவுரையாளர் தபரீயும் அதைப் பதிவு செய்கிறார். ஆனால் தஃப்ஸீரில் (விரிவுரையில்) இருக்க வேண்டியது வசனத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அல்லாஹ்வே பெயர் சொல்லிப் பேசியதாகத்தான் புதிதாகப் படிக்கும் பிள்ளை எடுத்துக்கொள்ளும். இந்த விளக்கத்தின் இடம் அடிக்குறிப்பு. அங்கே ஹதீஸைச் சொல்லலாம், மாற்றுக் கருத்தையும் சொல்லலாம்.

நமக்குப் பிடித்த சேர்க்கைகளுக்கும் இதே அளவுகோல்தான். அந்நிஸா சூராவின் 34ஆம் வசனத்தில் மனைவியை அடிப்பது பற்றி வரும் இடத்தில், அப்துல்லாஹ் யூசுஃப் அலி தம் ஆங்கில ஆக்கத்தில் ‘இலேசாக’ என்று அடைப்புக்குறியில் சேர்த்தார். காயம்படக் கூடாது என்ற நபிமொழியே அதற்கு ஆதாரம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். 2007இல் லலே பக்தியார் தம் ஆங்கில ஆக்கத்தில் அதே வினைச்சொல்லுக்கு ‘விலகிச் செல்வது’ என்று பொருள் கொண்டார். இந்த வசனம் குடும்பங்களில் எப்படிக் கையாளப்படுகிறது என்பதை அறிந்த எங்களுக்கும் மென்மையான பொருளின் மேல் நாட்டம் உண்டு. ஆனாலும் இது மூலத்தில் உள்ளது, இது ஹதீஸ் தரும் வரம்பு, இது இந்த ஆய்வாளரின் வாதம் என்று தனித்தனியாகக் காட்டுவதே நேர்மை.

இதை மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த கோரிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். கி.பி. 923இல் மறைந்த தபரீ, ஒரே வசனத்துக்குப் பல கருத்துகளைச் சொன்னவர் பெயரோடும் அறிவிப்பாளர் தொடரோடும் வரிசைப்படுத்தி, கடைசியில்தான் தம் முடிவைச் சொல்வார். 2015இல் செய்யித் ஹுசைன் நஸ்ரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த ‘தி ஸ்டடி குர்ஆன்’ மேலே வசனத்தையும், கீழே எந்தக் கருத்து எந்த முஃபஸ்ஸிருடையது என்று பெயர்க்குறியிட்ட விளக்கங்களையும் தருகிறது. நம் தமிழாக்கங்களுக்கு அது நல்ல முன்மாதிரி.

நவீன ஆய்வுகள் குறித்தும் ஒரு வார்த்தை. ஒரு சொல் குர்ஆனில் வரும் எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும் என்றார் எகிப்தின் பின்த் அஷ்ஷாத்தி. குர்ஆனின் கலைச்சொற்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவை ஆராய்ந்த ஜப்பானியர் தோஷிஹிகோ இஸுத்ஸு முஸ்லிம் அல்லர். ஆனாலும் அவர் நூல்களை முஸ்லிம் அறிஞர்களும் மதித்துப் படிக்கிறார்கள். இந்த ஆய்வுகள் மதரஸா மாணவர்களின் மேசைக்கு வர வேண்டும். படித்துவிட்டு மறுக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் ஆய்வுக்கு எப்போதும் மறுப்பு மட்டுமே பதிலாக வந்ததில்லை. 1995இல் கெய்ரோ நீதிமன்றம் எகிப்தியக் குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைதை, அவர் எழுத்துகளுக்காக, மதத்தைத் துறந்தவர் என்று தீர்ப்பளித்து, அவர் திருமணத்தையே முறித்தது. அவரும் மனைவியும் நாட்டைவிட்டு லெய்டனுக்குப் போக நேர்ந்தது. நூலுக்கு நூலால் பதில் சொல்லும் மரபு நம்முடையது. அந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை.

பதிப்பாளர்களிடமும் ஒரு முறையீடு. யூசுஃப் அலி 1953இல் மறைந்தார். அதன் பிறகு 1980களில் வந்த பதிப்புகளில் அவர் மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் பிறரால் திருத்தப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் அட்டையிலோ அவர் பெயரே இருந்தது. தமிழில் இது நடக்கக் கூடாது. மறைந்த ஆலிம்களின் தர்ஜுமாக்களை மறுபதிப்புச் செய்யும்போது எதை, யார், ஏன் மாற்றினார்கள் என்று முன்னுரையில் எழுதுங்கள். பொருளை மாற்றும் சேர்க்கைகளை வசனத்திலிருந்து எடுத்து, ஆதாரத்தோடு அடிக்குறிப்பில் போடுங்கள். அரபு மூலத்தை எதிரே அச்சிடுங்கள். மொழிபெயர்த்தவர் எந்தத் தஃப்ஸீர்களைப் பின்பற்றினார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். இவை இல்லாத பதிப்பை எங்கள் வாசிப்பு வகுப்புகளுக்கு இனிப் பரிந்துரைக்க மாட்டோம்.