போர்டிங் பாஸில் இல்லாத ஒரு குறி

அமெரிக்க விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன் அடையாள அட்டையைப் பார்க்கும் அதிகாரிக்கு எத்தனையோ அதிகாரங்கள் உண்டு. விரைவுச் சோதனை வரிசைக்கான டிஎஸ்ஏ ப்ரீசெக் குறி போர்டிங் பாஸில் இல்லையென்றால், அதைச் சேர்க்கும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது. விமான நிறுவனக் கவுன்ட்டரில் இருப்பவராலும் அதைக் கையால் எழுதித் தர முடியாது. நம் பயண முகவர் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவர்களில்கூடச் சிலர் இதை அறியாமல், "ஏர்போர்ட்ல போய்ச் சொல்லுங்க, போட்டுக் கொடுப்பாங்க" என்று பயணியை அனுப்பிவிடுகிறார்கள். இந்த இதழின் ஆசிரியர் உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், இங்கே இரவு பதினொரு மணி இருக்கும், நியூவார்க்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நன்றியறிதல் நாள் விடுமுறைக் கூட்டம். மகள், மருமகன், எழுபது வயதைத் தாண்டிய அம்மா என மூன்று பேர். மூவருக்கும் ப்ரீசெக் உண்டு, மூவருக்கும் டிக்கெட் அடித்தது நாங்கள். இரண்டு போர்டிங் பாஸில் குறி இருக்கிறது, அம்மாவுடையதில் இல்லை. "அம்மாவால செருப்பைக் கழட்டிட்டு அவ்வளவு நேரம் நிக்க முடியாது சார், முழங்கால் வலி. ஏதாவது பண்ணுங்க" என்றார் மகள். அந்த நேரத்தில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. மூவரும் பொது வரிசையில் நின்று, கதவு மூடும் நேரத்தில் ஓடிப் போய் ஏறினார்கள்.

மறுநாள் காரணத்தைத் தேடினேன். எண் சரி, பிறந்த தேதி சரி, உறுப்பினர் காலமும் முடியவில்லை. பெயர்தான் புரண்டிருந்தது. அந்த அம்மா தம் பெயரை எழுதிக் கொடுத்தபோது நம் வழக்கப்படி முதலெழுத்தை முன்னால் போட்டிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் அதை விரித்துப் பதிந்தவர், அந்த அம்மாவின் அப்பா பெயரை முதல் பெயராகவும் அம்மாவின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டார். கிரீன் கார்டிலும் ப்ரீசெக் விண்ணப்பத்திலும் இருந்தது இதற்கு நேர்மாறு. அடையாள அட்டையைப் பார்த்த மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று புரிந்தது. கணினிக்குப் புரியவில்லை. தவறு எங்கள் மேசையில் நடந்தது. தண்டனை அந்த அம்மாவின் முழங்காலுக்கு.

கணினி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2009 முதல் அமலுக்கு வந்த செக்யூர் ஃப்ளைட் முறையில், பயணியின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் விமான நிறுவனம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவுக்கு அனுப்புகிறது. இருந்தால், கேடிஎன் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அறிந்த பயணி எண்ணும் சேர்ந்து போகும். புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் இருக்கும்போதே இந்த விவரங்கள் அங்கே போகத் தொடங்கிவிடும். அந்தப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்து, விடையை விமான நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். செக்-இன் செய்யும்போது அந்த விடைதான் போர்டிங் பாஸில் அச்சாகிறது, பட்டைக் குறியீட்டுக்குள்ளும் போய் உட்காருகிறது. பெயர், தேதி, எண் மூன்றும் விண்ணப்பத்தில் உள்ளபடி ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் விடை 'இல்லை' என்றுதான் வரும். ஏன் இல்லை என்று அது காரணம் சொல்வதில்லை. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

தமிழ்ப் பயணிகளிடம் பெயரில் இடறுவதற்கு இடங்கள் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பா பெயரோ கணவர் பெயரோ முதலெழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு அமெரிக்க விசா வரும்போது, முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று நிற்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பின்னாளில் அவரே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டு, கிரீன் கார்டையும் அதன்படி வாங்கியிருப்பார். நம் கோப்பிலோ பழைய எஃப்என்யூவே இருக்கும். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கும் இதே கதி. ப்ரீசெக்கில் நடுப்பெயரோடு பதிந்தவருக்கு நடுப்பெயர் இல்லாமல் டிக்கெட் அடித்தாலும் குறி வராமல் போக வாய்ப்பு உண்டு. ஆகவே பயணியிடம், "உங்க பேரு என்ன?" என்று கேட்டால் போதாது. "ப்ரீசெக் விண்ணப்பத்தில் எந்தப் பேரைக் கொடுத்தீங்க?" என்று கேட்க வேண்டும். முடிந்தால் ஒப்புதல் கடிதத்தின் படத்தை வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பிறந்த தேதியில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 05/08 என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மே 8. ஜிடிஎஸ் முன்பதிவு முறையில் மாதத்தை எழுத்தில் போடுவதால் அங்கே குழப்பம் வராது. குழப்பம் நாம் பயணியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லும் படிவத்தில்தான். படிவத்தில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இனி எண். ப்ரீசெக்குக்கு நேரடியாக விண்ணப்பித்தவரின் எண் பெரும்பாலும் டிடி என்ற எழுத்துகளில் தொடங்கும். எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். ஆங்கில ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. ப்ரீசெக்கையும் உள்ளடக்கிய குளோபல் என்ட்ரி திட்டத்தின் வழியாக வந்தவருக்கு அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கும் பாஸ்ஐடி என்ற ஒன்பது இலக்க எண்தான் கேடிஎன். இது தெரியாத பயணிகள் பலர். "கேடிஎன் இருக்கா?" என்று கேட்டால், "இல்லை சார், குளோபல் என்ட்ரிதான் இருக்கு" என்பார்கள். இந்தியக் குடிமக்களுக்கும் 2017 முதல் குளோபல் என்ட்ரி திறந்திருக்கிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் தொழில் விஷயமாக அடிக்கடி போய்வருபவர்களில் அதை வைத்திருப்பவர்கள் உண்டு. ப்ரீசெக்குக்கு நேரடியாக விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அதனால் இவர்களுக்கு அந்தப் பாஸ்ஐடிதான் வழி. நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லப் போவதில்லை.

முதலில் ப்ரீசெக் வாங்கி, பிறகு குளோபல் என்ட்ரிக்கு மாறியவரிடம் இரண்டு எண்கள் இருக்கும். பழையது காலாவதி ஆகியிருக்கும். விமான நிறுவனத்தின் அடிக்கடிப் பயணிக் கணக்கிலும் நம் கோப்பிலும் அந்தப் பழைய எண்ணே கிடக்கும். இரண்டு திட்டங்களுக்கும் ஆயுள் 5 ஆண்டு. குளோபல் என்ட்ரியைக் காலம் முடிவதற்கு முன் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், விடை வரும்வரை பழைய சலுகை சில காலம் தொடரும். தனி ப்ரீசெக்கில் அந்தத் தயவு கிடையாது. முடிகிற நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் குறியும் நின்றுவிடும். ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். எண்ணோடு முடிவுத் தேதியையும் கோப்பில் குறித்துவைப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் குறி வராமல் போவது பெரும்பாலும் டிக்கெட் கைமாறும் இடங்களில். கோட்ஷேர் பயணத்தில் டிக்கெட் ஒரு நிறுவனத்துடையது, விமானம் இன்னொன்றுடையது. நாம் கேடிஎன்னைப் போட்ட டாகோ வரி, பறக்கும் நிறுவனத்தின் பதிவுக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிடலாம். ஷெட்யூல் சேஞ்ச் வந்து வேறு விமானத்துக்கு மாற்றினாலோ, பிஎன்ஆரைப் பிரித்தாலோ, ரீஇஷ்யூ செய்தாலோ, புதிய பதிவில் அந்த வரி விடுபட்டுப் போகலாம். ஜிடிஎஸ்ஸில் பெயரும் பிறந்த தேதியும் கொண்ட டாக்ஸ் வரியும் டாகோ வரியும் உறுதியாகிவிட்டதைப் பார்த்ததோடு நாம் நிம்மதியாகிவிடக் கூடாது. விமான நிறுவனத்தின் பதிவு எண்ணை எடுத்து, அதன் சொந்தத் தளத்தில் பயணி விவரத்தைத் திறந்து, கேடிஎன் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். ஒரு பயணிக்கு இரண்டு நிமிடம் ஆகும் வேலை இது.

குடும்பமாகப் போகிறவர்கள் விஷயத்தில் இன்னொன்று. 12 வயது வரையிலான பிள்ளைகள், குறி உள்ள பெற்றோருடன் ப்ரீசெக் வரிசையில் போகலாம். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 2023இல் வந்த விதி வேறு: பெற்றோரின் பதிவிலேயே அவர்களும் இருக்க வேண்டும், அவர்களுடைய போர்டிங் பாஸிலும் குறி அச்சாகியிருக்க வேண்டும். கட்டணம் சற்றுக் குறைகிறது என்று குடும்பத்தை இரண்டு பிஎன்ஆராகப் பிரிக்கும்போது, பதினான்கு வயதுப் பையனைப் பொது வரிசையில் நிறுத்துகிறோம் என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பிரியுங்கள்.

செக்-இன் முடிந்த பிறகுதான் குறி இல்லை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, எண் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சேர்க்க வேண்டும். ஆனால் சேர்த்தால் மட்டும் கையில் இருக்கும் போர்டிங் பாஸ் மாறாது. செக்-இன்னை ரத்து செய்து, விவரம் மறுபடி டிஎஸ்ஏவுக்குப் போய்த் திரும்பிய பின், புதிய போர்டிங் பாஸ் எடுக்க வேண்டும். சில நிறுவனங்களின் செயலியில் பயணியே இதைச் செய்யலாம். மற்றவற்றில் தொலைபேசியிலோ கவுன்ட்டரிலோ கேட்க வேண்டும். கேட்கும்போது "ப்ரீசெக் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் "அது எங்கள் கையில் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "என் எண்ணும் பெயரும் பிறந்த தேதியும் பதிவில் எப்படி இருக்கின்றன, படித்துச் சொல்லுங்கள். திருத்திவிட்டு மறுபடி செக்-இன் செய்து கொடுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிவில் எல்லாம் சரி, இருந்தும் வரவில்லை என்றால் ஆஸ்க்டிஎஸ்ஏ என்ற டிஎஸ்ஏவின் சமூக ஊடக உதவிக் கணக்குக்கு எழுதலாம். உறுப்பினர் நிலை உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இந்த வழிகளில் பாதி அடைபட்டுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் குறி வராத நாள்கள் உண்டு. எதிர்பாராத தேர்வு அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. எந்த உறுப்பினருக்கும் எல்லா முறையும் உறுதி என்று டிஎஸ்ஏ சொல்வதில்லை. போர்டிங் பாஸில் நான்கு எஸ் அச்சாகி வந்தால் அன்று கூடுதல் சோதனைதான், எந்த எண்ணும் உதவாது. திட்டத்தில் சேராத விமான நிறுவனத்தில் பறந்தாலும் கிடைக்காது. சென்னையில் ஏறும்போது இதற்கு வேலையே இல்லை. அமெரிக்க நிலையத்திலிருந்து புறப்படும்போதும், அங்கே இறங்கி உள்நாட்டு விமானம் மாறும்போதும்தான் பயன். நம் ஊர் டிஜி யாத்ராவும் குடியேற்றத்துக்கான விரைவுத் திட்டமும் இதற்குச் சம்பந்தமில்லாதவை. பயணிகள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "கட்டாயம் வரும்" என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கிடைக்காத நாளையும் கணக்கில் வைத்து, சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள்.

2025 ஜூலையில் அமெரிக்கா காலணி கழற்றும் விதியை எல்லாப் பயணிகளுக்கும் தளர்த்தியது. இனி ப்ரீசெக்குக்கு அவ்வளவு மதிப்பில்லை என்று நம் நண்பர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல்ட், மேலாடை, மடிக்கணினி, திரவப் பை எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தனி வரிசை இருக்கிறது. 2024 ஜூலை 7 அன்று அமெரிக்க நிலையங்களில் ஒரே நாளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதனையைக் கடந்தார்கள். அப்படி ஒரு நாளில் முழங்கால் வலியோடு நிற்பவருக்கு அந்த வரிசையின் மதிப்பு தெரியும்.

இன்னொரு வேண்டுகோள்: பயணிகளின் கேடிஎன்களையும் பிறந்த தேதிகளையும் அலுவலக வாட்ஸாப் குழுவில் போட்டுப் பரிமாறும் பழக்கத்தை நிறுத்துங்கள். அரசாங்கம் ஒருவரை நம்பிக் கொடுத்த எண் அது. நம்மை நம்பி அவர் கொடுக்கிறார்.

விசாத் தேதி, பாஸ்போர்ட் முடிவுத் தேதி, மாற்று விமானத்துக்கான இடைவெளி இவற்றையெல்லாம் பயணி கேட்காமலே நாம் பார்க்கிறோம். அவர் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதில்லை. கேடிஎன்னும் அந்த வரிசையில் நான்காவதாகச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்த இதழ் கைக்கு வந்ததும், அடுத்த பத்து நாளில் அமெரிக்காவுக்குள்ளோ அமெரிக்காவிலிருந்தோ பறக்கவிருக்கும் உங்கள் பயணிகளின் பிஎன்ஆர்களை ஒருமுறை திறந்து பாருங்கள். டாகோ வரி இல்லாதவர்களுக்கு இன்றே ஓர் அழைப்பு போட்டு, எண் இருக்கிறதா, விண்ணப்பத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.