புகையை விடுபவனைத் தனியே விடாதீர்!

புகைத்தல் தீது என்று இந்நாட்டில் இன்று எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிகரட் பெட்டியே அதைப் படம் போட்டுச் சொல்லுகின்றது. பெட்டியின் முகப்பில் 80 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் நிரப்பவேண்டும் என்று 2015 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு முன்னர் நீதிமன்றத்தில் நடந்த வழக்காட்டத்தைச் சட்டத்துறையினர் மறந்திருக்கமாட்டார்கள். 21 வயது நிரம்பாதவர்க்கு விற்றலாகாது, மூடிய பொது இடத்திற் புகைத்தலாகாது, விளம்பரஞ் செய்தலாகாது என 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. ஆகாது, ஆகாது என்னும் விதிகள் நிரம்ப உண்டு. ஆனால், “சரி, விட்டுவிடுகிறேன், எவ்வாறு விடுவது? எனக்கு யார் துணை?” என்று ஒருவன் கேட்பானாயின், விடையளிப்பவர் யார்?

நம் ஊர்களில் ஒருவர் புகைத்தலை நிறுத்தப்போவதாகச் சொன்னால் நிகழ்வது யாது? மனைவி நம்பமாட்டாள். நண்பர் நகைப்பர். தேநீர்க்கடை வாங்கிலிருந்து, “எத்தனை நாளைக்கென்று பார்ப்போம்” எனப் பந்தயம் கட்டுவோரும் உளர். மூன்றாம் நாள் அவர் மீண்டும் பற்றவைத்துவிட்டால், “நான் அப்போதே சொன்னேனே” என்ற வெற்றிக் குரல் எழும். தோல்வியை எதிர்பார்த்து நிற்குங் கூட்டத்தின் நடுவே ஒருவன் வெல்லுதல் எளிதோ?

மூன்றாம் நாள் என்றது வெறும் பேச்சுக்கன்று. கடைசிச் சுருட்டை அணைத்த சில மணி நேரத்திலேயே உடல் நிக்கொட்டீனைக் கேட்கத் தொடங்குகின்றது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அவ்வேட்கை உச்சத்தை அடையும். எரிச்சல், உறக்கமின்மை, மனம் ஒன்றில் நில்லாமை, மிகுபசி ஆகியன சேர்ந்து வரும். இவை அவனுடைய குணக்கேட்டின் அறிகுறிகள் அல்ல. நெடுநாட் பழகிய நஞ்சை இழந்த நரம்புகளின் கூக்குரல். பெரும்பாலார்க்கு இரண்டு முதல் நான்கு கிழமைகளுள் இவை தணிந்துவிடும். ஒவ்வொரு வேட்கையும் எழுந்து சில நிமிடங்களில் அடங்குவது. அந்தச் சில நிமிடங்களைக் கடத்த ஒரு செம்பு தண்ணீர் போதும்; தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை போதும்; அருகில் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தாலும் போதும். ஆயின், பேச்சுக் கொடுக்க அந்த ஒருவர் வேண்டுமன்றோ?

மனமோ கைதேர்ந்த வழக்கறிஞன். தவணை கேட்பதில் அதனை வெல்லவல்ல அப்புக்காத்து எவரும் எம் நீதிமன்றங்களில் இல்லை. “வருடப்பிறப்புக்குப் பின்”, “மகளின் கலியாணம் முடியட்டும்”, “இந்த வழக்கு ஒன்று தீரட்டும்” என்று அது தவணைமேல் தவணை வாங்கும். தனியே இருப்பவன் தானே வாதியும் தானே நீதிபதியுமாய் இருந்து அத்தனை தவணையையும் வழங்கிவிடுவான். நாள் குறித்து நாலுபேர் அறியச் சொன்னவனுக்கு அது அவ்வளவு இலகுவன்று.

துணையின் வலிமை வெறும் நம்பிக்கையன்று, அளந்தறிந்த உண்மை. அமெரிக்க நாட்டின் பிரமிங்காம் என்னும் ஊரில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. கணவன் மனைவியருள் ஒருவர் புகைத்தலை நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 விழுக்காடு. உடன்பிறந்தார் நிறுத்தினால் 25 விழுக்காடு. மக்கள் ஒருவர் ஒருவராக அன்றி, குழுக் குழுவாகவே புகையிலிருந்து விடுபட்டனர். கட்சி வேலையில் ஊரூராய் அலைந்த எமக்கு இது வியப்பன்று. துண்டுப்பிரசுரத்தைப் படித்துக் கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை பேர்? அயல்வீட்டார் கைப்பிடித்து அழைத்ததால் வந்தவரே பலர்.

கற்றவர்களுக்கு ஒரு சொல். 1951 இல் பிரித்தானியாவில் 34,439 ஆண் மருத்துவர்களைக் கொண்டு ரிச்சார்ட் டோல் முதலியோர் தொடங்கிய ஆய்வு, ஐம்பது ஆண்டு முடிவைக் கண்டு 2004 இல் வெளியிடப்பெற்றது. அறுபது வயதில் நிறுத்தியவர் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுளை மீட்டனர். ஐம்பதில் நிறுத்தியவர் 6. நாற்பதில் நிறுத்தியவர் 9. முன்னைய ஆய்வின்போது உண்மை புலப்படத் தொடங்கியதுமே டோல் தாமும் புகைத்தலைக் கைவிட்டார். “எனக்கு வயது போய்விட்டது, இனி என்ன?” என்பார்க்கு இவ்வெண்களே மறுமொழி. பணக் கணக்கு வேண்டுவோர் நாளுக்குப் பத்துச் சிகரட் என்றால் ஆண்டுக்கு 3,650 எனக் கொண்டு, இன்றைய விலையைத் தாமே போட்டுப் பெருக்கிக்கொள்க. விலை அடிக்கடி ஏறுவதால் அத்தொகையை இங்கு அச்சிட யாம் துணியவில்லை.

இடறி விழுந்தவனைப் பற்றியும் சொல்லவேண்டும். பலர் பலமுறை முயன்றே வென்றுள்ளனர். கீழ் நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு மேன்முறையீட்டில் வெல்வதில்லையா? ஒரு சுருட்டைப் புகைத்துவிட்டான் என்பதனால் அவன் கடந்துவந்த இருபது நாட்களும் அழிந்துவிடா. எந்த வேளையில், எவர் நடுவில், என்ன மனநிலையில் கை நீண்டது என்று ஆராய்ந்து மறுநாளே தொடங்குவதற்கு அவனுக்கு உதவுபவரே நண்பர்.

அரசுக்கும் இதில் பொறுப்புண்டு. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003 இலேயே உறுதிப்படுத்தியது. அதன் 14 ஆம் உறுப்புரை, புகைத்தலை விட விழைவோர்க்கு உதவியும் சிகிச்சையும் கிடைக்கச் செய்யும் கடமையை அரசுகள் மீது சுமத்துகின்றது. தேசிய அதிகாரசபை 1948 என்னும் இலக்கத்தில் தொலைபேசி ஆலோசனையை நடத்துகின்றது. அந்த எண் நமக்கு வேறு நினைவுகளையும் எழுப்பும், அது கிடக்க. உறக்கமின்றித் தவிப்பவன் தன் தவிப்பைத் தாய்மொழியிலன்றி வேறெதிற் சொல்லுவான்? தமிழும் அரசகரும மொழியென 1987 இன் 13 ஆந் திருத்தம் கூறுகின்றது. ஆதலின் கிளிநொச்சியிலிருந்து அழைப்பவனாயினும் அட்டனிலிருந்து அழைப்பவனாயினும், தமிழிலே ஆறுதலும் அறிவுரையும் பெறுவது அவன் உரிமை. ஆலோசனையோடு மருந்தும் சேர்ந்தாற் பயன் மிகும். நிக்கொட்டீன் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை முதலியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்துள்ளது. நம் மாவட்ட வைத்தியசாலைகளில் அவை ஏழைக்கும் எட்டவேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கேட்பார்களா?

இங்கே கமக்காரர் குறுக்கிட்டு, “எல்லாரும் விட்டுவிட்டால் எங்கள் புகையிலையை யார் வாங்குவார்?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்கடந்து சென்ற பயிர். சுருட்டாகித் தென்னிலங்கைக் கடைகளை நிரப்பிய பயிர். பல வீடுகளின் கல்லும், பல பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளமும் அவ்விலையிலிருந்து வந்தன. அதனை இழித்துரைப்பது நன்றி மறத்தலாகும். எனினும், ஈர இலையை ஒடித்துச் சுமக்கும் உழைப்பாளியின் தோலூடாகவே நிக்கொட்டீன் உட்புகுந்து தலைச்சுற்றும் வாந்தியும் தருவதை அறியாத கமக்காரர் உண்டோ? 2020 ஆம் ஆண்டுடன் புகையிலைச் செய்கையை நிறுத்தப்போவதாக ஆட்சியாளர் முன்னர் அறிவித்தனர். 2020 வந்தது, போயிற்று. கன்றுகள் தோட்டத்தில் நின்றன. மாற்றுப் பயிருக்கு விதையும் கடனும் சந்தையும் காட்டாது “விடு” என்று கட்டளையிட்டால் கமக்காரன் எப்படி விடுவான்? அதே உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரை அவனுக்கு மாற்று வாழ்வாதாரம் காட்டவேண்டும் என்கின்றது. புகைப்பவனும் பயிரிடுபவனும் ஒரே வழக்கின் இரு மனுதாரர். இருவருக்கும் இன்றுவரை கிடைத்திருப்பது கட்டளையே, கைகொடுத்தல் அன்று.

அரசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சனசமூக நிலையம் தோறும் ஐந்தாறு பேர் ஒரே நாளைக் குறித்துக்கொள்ளட்டும். முதல் நான்கு கிழமைகள் கிழமைக்கொருமுறையேனும் மாலையிற் கூடட்டும். ஏற்கெனவே விட்டு வென்ற ஒருவர் நடுவில் இருக்கட்டும். ஊர் வைத்தியரோ தாதியோ ஒருமுறையாவது வந்து ஐயந் தீர்க்கட்டும். வீட்டாருக்குஞ் சொல்லிவைப்பது நலம்: அந்த முதற் கிழமையிற் கணவன் சீறினால் அது உங்கள் மேலுள்ள சினமன்று. செத்தவீட்டுத் தட்டத்தில் வெற்றிலையோடு சுருட்டும் பீடியும் வைக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் கூடி நிறுத்தவேண்டும். மூன்று மாதம் விரதம் காத்தவன் விழுவது பெரும்பாலும் அந்தத் தட்டத்தின் முன்னேதான். துக்க வீட்டில் நீட்டிய கையை மறுப்பது எப்படியென்று அவன் தயங்குகிறான்.

எம் கட்சித் தோழர்களுக்கு வேறொன்று. கிளைக்குழுக் கூட்டம் நடக்கும் அறையின் நடுமேசையில் இன்றும் பல இடங்களிற் சாம்பற் கிண்ணம் இருக்கின்றது. அடுத்த கூட்டத்துக்கு முன் அதை எடுத்துவிடுங்கள். அதற்குத் தீர்மானம் முன்மொழியவும் வேண்டா, வழிமொழியவும் வேண்டா.